துரையின் வலது கால்

"அவன் காலைப் பிடிக்கத்தான் போறேன்னு வாய்விட்டுச் சொல்லேன்! வேலை வேலைன்னு எதுக்கு இந்த வேஷம்?"

"வேலைதான். முள்ளு கட்டுறது என் வேலை."

"ஏன், அவனுக்குக் கை இல்லையா?"

"அவரால குனிய முடியாது. இடுப்புல அடிபட்டது உனக்குத் தெரியாதா?"

"எனக்கும் தெரியும், தெருவுக்கும் தெரியும். போன வாரம் அந்தப் பல் டாக்டரோட சாவி கீழ விழுந்தப்போ வில்லு மாதிரி வளைஞ்சு எடுத்துக் கொடுத்தானே, அதுவும் தெருவுக்குத் தெரியும். உன் கண்ணுக்கு மட்டும்தான் அவன் இடுப்பு இன்னும் ஒடிஞ்சிருக்கு!"

சின்னவள் இதைச் சொல்லிவிட்டு வாசற்கதவுக்குக் குறுக்கே நின்றுகொண்டாள். பெரியவள் தோளில் பையை மாட்டியபடி, அவளை விலக்கிக்கொண்டு போகவும் மனமில்லாமல், நிற்கவும் பொறுமையில்லாமல் தவித்தாள். இருவருக்கும் நடுவில் அம்மா கையில் ஈரத்துணியோடு நின்று, "மெதுவாப் பேசுங்கடி, எதிர் வீட்டு ஜன்னல் திறந்தாச்சு" என்றாள்.

எதிர் வீட்டு ஜன்னல் மட்டுமா? அந்த வரிசையில் திறக்கக்கூடிய எல்லாமே திறந்துவிட்டிருந்தது. மாடியில் துணி காயப்போட வந்தவள் ஒரே சட்டையைத் திரும்பத் திரும்ப உதறிக்கொண்டிருந்தாள்.

சண்டைக்குக் காரணம் அன்று சாயங்காலம் வரப்போகிற பூட்டுக்கடைக்காரர். பக்கத்து ஊரில் பூட்டும் சாவியும் விற்கிற கடை வைத்திருப்பவர். அதிகம் பேசாதவர். போன மாதம் தன் அக்காவோடு வந்து பெரியவளைப் பார்த்துவிட்டுப் போனார். போகும்போது அவர் அம்மாவிடம் தனியாகச் சொன்னது இவ்வளவுதான்: "அவங்களுக்கு இஷ்டமான்னு அவங்களையே கேட்டுச் சொல்லுங்க. அவசரம் இல்லை." அவசரம் இல்லை என்று சொல்கிற மாப்பிள்ளை கிடைப்பது எவ்வளவு அபூர்வம் என்று சின்னவள் அன்றிலிருந்து ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டின்போதும் எடுத்துச்சொன்னாள். பெரியவள் பிடிகொடுக்கவில்லை. கடைசியில் அவரின் அக்காவுக்குத்தான் பொறுமை போய், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நேரிலேயே வருகிறோம், ஆமா இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் என்று ஆள் அனுப்பினார். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் இது. அன்றைக்கே துரைக்குப் போட்டி.

துரை என்பது அவன் பெயர் அல்ல. தெரு வைத்தது. தெருக்கோடியில் இருக்கிற குதிரைப் பயிற்சிப் பள்ளியில் அவன்தான் தலைமைப் பயிற்சியாளர். தடை தாண்டும் போட்டிகளில் கலந்துகொண்டு கோப்பைகளோடு திரும்புகிறவன். முழங்கால்வரை பளபளக்கிற பூட்ஸோடு அவன் டீக்கடைக்கு வந்தால், டீக்கடைக்காரரே தம்ளரை இன்னொரு தடவை கழுவித்தான் கொடுப்பார். அப்படி ஒரு தோரணை. அவன் ஏறுகிற கறுப்புப் பெண்குதிரைக்கு சீமாட்டி என்று பெயர். துரைக்கு ஏற்ற சீமாட்டி என்று தெரு சிரித்துக்கொண்டது. சேணம், கடிவாளம், பூட்ஸ், வார் எல்லாம் வைத்திருக்கும் அறைக்குப் பொறுப்பு பெரியவள். தோலுக்கு எண்ணெய் போடுவாள், அறுந்த தையலைப் போடுவாள், போட்டி நாளில் துரைக்கு முள் கட்டுவாள்.

முள் என்றால் காலில் தைக்கிற முள் அல்ல. குதிரை ஏறுகிறவர்கள் பூட்ஸின் குதிகாலில் மாட்டிக்கொள்ளும் இரும்பு. ஸ்பர் என்று படித்தவர்கள் சொல்வார்கள். வளைந்த இரண்டு கைகளால் குதிகாலைக் கவ்விக்கொள்ளும். பின்பக்கம் சுண்டுவிரல் நுனியளவுக்கு ஒரு மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும். காலை லேசாகத் திருப்பினால் அந்த மூக்கு குதிரையின் விலாவைத் தொடும். குதிரைக்கு விஷயம் புரிந்துவிடும்.

இதைக் கட்டுவதில் என்ன வித்தை இருக்கிறது என்று தெருவும் ஒரு காலத்தில் கேட்டது. கேட்டிருக்கவேண்டாம். தண்ணீர்க் குழாயடியில் பெரியவளிடம் மாட்டிக்கொண்டவர்களுக்கு அதற்குப் பிறகு தூக்கத்திலும் மறக்கவில்லை. பூட்ஸின் பின்பக்கம் குதிகாலுக்கு மேலே சின்னதாக ஒரு தோல் திட்டு இருக்கும், முள் அதன்மேல்தான் உட்காரவேண்டும். மூக்கு கீழ்நோக்கித்தான் சாயவேண்டும், மேல்நோக்கி இருந்தால் கால் அசைகிறபோதெல்லாம் குதிரையைக் கிழிக்கும். இரண்டு கைகளில் நீளமானது வெளிப்பக்கம். வாரின் பக்கிளும் வெளிப்பக்கம். உள்பக்கம் வந்தால் குதிரையின் உடம்பில் உரசும். உட்கார்ந்த காலில் கட்டினால் போதாது. எழுந்து கொஞ்சம் நடக்கவைத்தால் புறங்காலில் தோல் மடிந்து வார் தளரும். அப்போது இன்னும் ஒரு துளை இழுக்கவேண்டும். மிச்ச நுனியை வளையத்துக்குள் செருகிவிடவேண்டும், தொங்கவிடக் கூடாது. ஒருமுறை ரொட்டிக்கடைக்காரர் மனைவி, "ஏம்மா, எங்க வீட்ல குதிரையே இல்லையே" என்று கெஞ்சிப் பார்த்தாள். பெரியவள் விடவில்லை.

துரை இடுப்பில் அடிபட்டுக் கிடந்து எழுந்த காலத்தில் குனிய முடியாமல்தான் முதலில் காலை நீட்டினான். இடுப்பு சரியாகி வருஷங்கள் ஆயின. காலை நீட்டுகிற பழக்கம் மட்டும் சரியாகவே இல்லை. நீட்டினால் போதாதென்று குற்றமும் சொல்வான். முள் அரை விரல்கடை இறங்கியிருந்தால் போதும், "என்ன கட்டியிருக்கே? இது காலா, மூட்டையா? அவிழ்த்துக் கட்டு" என்று லாயமே திரும்பிப் பார்க்கும்படி கத்துவான். பெரியவள் அதை வீட்டுக்கு வந்து முகமெல்லாம் வெளிச்சமாகச் சொல்வாள்.

"வாங்கின திட்டைப் பரிசு மாதிரி கொண்டுவந்து காட்டுறவ உலகத்துலயே நீ ஒருத்திதான்டி" என்பாள் அம்மா.

"அக்கறை இல்லாதவங்க திட்டுவாங்களா, அம்மா? மத்தவங்க கட்டினா எதையும் கவனிக்கவே மாட்டாரு. நான் கட்டினா மட்டும் ஒவ்வொண்ணாப் பார்ப்பாரு."

இந்தக் கணக்கில் எங்கே பிசகு இருக்கிறது என்று அம்மாவுக்குத் தெரிந்தது. சொல்லத்தான் வாய் வரவில்லை.

போன வாரம் லாயத்தில் வைத்து துரை பெரியவளிடம் ஒன்று சொன்னான். "இந்தப் போட்டி முடியட்டும். உன்கிட்ட ஒரு விஷயம் பேசணும். வேற யார்கிட்டயும் இதைக் கேட்க முடியாது." சொல்லிவிட்டு, அவன் வழக்கத்தில் இல்லாதபடி, கொஞ்சம் வெட்கப்பட்டான்.

அந்த வெட்கத்தை வைத்துக்கொண்டு பெரியவள் ஒரு வாரம் வாழ்ந்தாள். பூட்டுக்கடைக்காரருக்கு அவள் இந்த வாரமும் பதில் சொல்லாமல் இழுத்தது அதனால்தான். போட்டி காலையில், அவர் வருவது சாயங்காலம். நடுவில் துரை பேசிவிடுவான். பிறகு யாருக்கும் எதையும் விளக்கவேண்டிய அவசியம் இருக்காது.

"அப்படி என்னதான் பேசப்போறான்?" என்று கதவை மறித்துக்கொண்டு கேட்டாள் சின்னவள். "உன்னைக் கட்டிக்கிறேன்னா? அதைச் சொல்றதுக்குப் போட்டி எதுக்கு முடியணும்? ஒரு பல்லுக்கு அந்த ஆஸ்பத்திரிக்கு எத்தனை நடை நடக்குறான், அதை யோசிச்சியா?"

"பல்லு வலிக்குது அவருக்கு."

சின்னவள் தலையில் அடித்துக்கொண்டாள். சீமாட்டி தலையைச் சிலுப்பியதில் துரையின் முன்பல் ஒன்று உடைந்ததும், தெருமுனையில் புதிதாக வந்திருந்த பல் டாக்டரிடம் அவன் போனதும் உண்மை. அந்தப் பல் கட்டி முடித்து எவ்வளவோ நாளாயிற்று. பிறகும் அவன் போனான். அவன் வாயில் அத்தனை பற்கள் இருக்க வாய்ப்பில்லை என்று டீக்கடையில் எப்போதோ தீர்மானம் ஆகிவிட்டது. டாக்டர் சின்ன வயசுக்காரி, சிரித்த முகம், குதிரைக்கு முன்பக்கம் எது பின்பக்கம் எது என்பதற்குமேல் தெரியாதவள். குதிரைக்கும் கடைவாய்ப்பல் சொத்தையாகுமா என்று அவள் கேட்டாளாம். துரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தானாம்.

"போய்ட்டு வந்துர்றேன்டி. அவங்க வர்றதுக்குள்ள வந்துருவேன்." பெரியவளின் குரல் இறங்கிவிட்டது. "இன்னிக்கு ஒரு நாள் விடு. நேரமாச்சு, எனக்காகக் காத்துக்கிட்டிருப்பாரு."

சின்னவள் விலகிக்கொண்டாள். விலகிக்கொண்டே, "வந்து அழுதேன்னா நான் கேட்கமாட்டேன்" என்றாள். அவள் குரல்தான் அழுகிற மாதிரி இருந்தது.

இந்த ரகளையில் பெரியவள் பஸ்ஸைத் தவறவிட்டாள். அடுத்த பஸ் வந்து, ஊருக்கு வெளியே இருக்கிற போட்டி மைதானத்தில் இறங்கி, குதிரைகளை ஏற்றிவரும் வண்டிகள் நிற்கிற இடத்துக்கு அவள் ஓடிவந்தபோது வண்டியில் யாரும் இல்லை. துரையின் ஓட்டை நாற்காலி வெளியே போட்டிருந்தது. பூட்ஸ் துடைத்த துணி அதன் கைப்பிடியில் தொங்கியது. முள் வைக்கிற பெட்டி திறந்து கிடந்தது, காலியாக.

பயிற்சி வட்டத்தில் சீமாட்டி ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருந்தாள். பெரியவள் வேலிக்கு வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள். முதலில் அவள் கண்ணில் பட்டது குதிரையின் வால். ஈ விரட்டுகிற வால் வேறு, எரிச்சலில் சுழல்கிற வால் வேறு. காதுகள் பின்னால் படிந்திருந்தன. என்னவோ சரியில்லை என்று பார்வை தானாக அவன் குதிகாலுக்கு இறங்கியது.

மூக்கு மேல்நோக்கி இருந்தது.

இரண்டு காலிலும். இடதுகால் முள் வலதிலும், வலதுகால் முள் இடதிலுமாக மாறியிருந்தது. பக்கிள்கள் உள்பக்கம் திரும்பி, குதிரையின் மேல் உரசிக்கொண்டிருந்தன. வாரின் மிச்சம் பையின் அறுந்த காது மாதிரித் தொங்கி ஆடியது. தப்பாகக் கட்ட எத்தனை வழிகள் உண்டோ அத்தனையும் அந்த இரண்டு கால்களில் இருந்தன.

யாராவது லாயக்காரன் கட்டியிருப்பான் என்று முதலில் நினைத்தாள். லாயக்காரன் என்றால் துரை பூட்ஸைக் கழற்றி அவன் மேலேயே எறிந்திருப்பான். தானே கட்டிக்கொண்டானோ? கட்டிக்கொண்டால் இப்படிக் கட்டமாட்டான். மூன்றாவதாக ஒரு நினைப்பு வந்தது. அதை உள்ளே விடாமல் வாசலிலேயே நிறுத்திவிட்டு, வேலிக்கு அடியில் குனிந்து நுழைந்து அவன் அருகில் ஓடினாள்.

"இறங்க வேணாம். நிறுத்துங்க போதும், நான் மாத்திக் கட்டிடறேன். பஸ் கிடைக்கல, அதான்…"

சொல்லிக்கொண்டே அவள் கை பக்கிளுக்குப் போய்விட்டது. துரை காலை விலக்கிக்கொண்டான்.

"விடு. இருக்கட்டும்."

"முள்ளு தலைகீழா இருக்குங்க."

"தெரியும்."

தெரியும் என்றான். பெரியவள் நிமிர்ந்து பார்த்தாள். அவன் முகத்தில் கோபம் இல்லை. லாயத்தில் அவள் ஒருநாளும் பார்க்காத ஒரு சாந்தம் இருந்தது. அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு வேலிப்பக்கம் கண்ணைக் காட்டினான்.

"அது கட்டினது. காலையிலேயே வந்துடுச்சு, நான் கட்டறேன் நான் கட்டறேன்னு ஒரே பிடிவாதம். இப்ப நீ அவிழ்த்தேன்னா பார்த்துக்கிட்டே இருக்கும். மனசு கஷ்டப்படும்."

வேலிக்கு அந்தப் பக்கம் பல் டாக்டர் நின்றிருந்தாள். பெரியவளைப் பார்த்து, பழகினவர்களைப் பார்க்கிற மாதிரிச் சந்தோஷமாகக் கையை ஆட்டினாள். முழங்கால் இரண்டிலும் மண் ஒட்டியிருந்தது.

"சீமாட்டிக்குக் குத்துமே" என்றாள் பெரியவள். அவளுக்குச் சொல்ல அது ஒன்றுதான் மிச்சமிருந்தது.

"காலை விரிச்சு வெச்சுக்கிறேன். படாது."

அரை விரல்கடைக்கு லாயத்தையே கூட்டுகிறவன் சொல்கிறான், காலை விரித்து வைத்துக்கொள்கிறேன் என்று.

அவன் பெயரை அழைத்தார்கள். பெரியவள் வேலியருகே திரும்பி வந்து நின்றாள். பல் டாக்டர் நகர்ந்து இடம் விட்டு, "அக்கா, எனக்குப் பயமா இருக்கு. அவ்ளோ உயரமா வெச்சிருக்காங்க, குதிரை தாண்டுமா?" என்றாள். அக்கா என்று யார் கூப்பிட்டும் பெரியவளுக்கு இவ்வளவு வலித்ததில்லை. "தாண்டும்" என்றாள்.

தாண்டவில்லை. முதல் தடைகளைச் சீமாட்டி பழக்கத்தில் தாண்டினாள். துரை இரண்டு கால்களையும் ஏணி மாதிரி விரித்து வைத்துக்கொண்டு, உட்காரத் தெரியாதவன் போலக் குலுங்கிக்கொண்டு போனான். கடைசித் தடையான சுவருக்கு முன்னால் குதிரைக்குக் காலால் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். அவன் சொல்லவில்லை. சீமாட்டி நின்றுவிட்டாள். வட்டமடித்துக்கொண்டு வந்தான்; மறுபடியும் நின்றாள். மணி அடித்து வெளியே அனுப்பிவிட்டார்கள். இரண்டாம் இடம் வந்ததற்கே தொப்பியைத் தரையில் அடித்து, வண்டிக்காரனோடு ஒரு வாரம் பேசாமல் இருந்தவன் துரை. பெரியவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

சிரிப்புச் சத்தம் கேட்டுத் திறந்தாள். துரைதான். குதிரையை நடத்திக்கொண்டு வந்தவன், டாக்டரின் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"என்னாலதானே? நான் கட்டினதாலதானே?" டாக்டரின் கண் நிறைந்துவிட்டது.

"சே சே. உனக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? சீமாட்டிக்கு இன்னிக்கு மூடு சரியில்லை."

சீமாட்டியின்மேல் பழியைப் போட்டான். பன்னிரண்டு தடையைக் கண்ணைக் கட்டிக்கொண்டு தாண்டுகிறவள் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்ட சீமாட்டியின்மேல். பெரியவள் அப்போதுதான் நம்பினாள். சின்னவள் கத்தி நம்பாததை, தெரு முழுக்க ஜாடை பேசி நம்பாததை, தோற்றுப்போன ஒருத்தனின் சிரிப்பைப் பார்த்து நம்பினாள்.

டாக்டர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு குதிரைக்குத் தண்ணீர் எடுக்கப் போனாள். துரை இறங்கி, கடிவாளத்தைப் பெரியவள் கையில் கொடுத்துவிட்டுத் தொண்டையைச் செருமினான். அதே வெட்கம் மறுபடியும் முகத்தில் வந்தது.

"உன்கிட்ட ஒண்ணு பேசணும்னு சொன்னேன்ல."

"சொன்னீங்க."

"நாங்க கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கோம். உனக்கே தெரிஞ்சிருக்கும்."

"ம்."

"அதுக்கு என் வேலை எல்லாத்துலயும் கூட நிக்கணும்னு ஆசை. முக்கியமா இந்த முள்ளு கட்டுறது. அதை நீதான் கத்துக்கொடுக்கணும்."

"நீங்களே சொல்லித் தரலாமே."

"நான் சொன்னா என் வாய் உனக்குத் தெரியாதா? கத்திடுவேன். பாவம், தாங்காது அது. நீ பொறுமையாச் சொல்லுவே." கொஞ்சம் யோசித்து, நன்றாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "நீன்னா எதையும் தாங்குவே" என்றும் சேர்த்துக்கொண்டான்.

பெரியவள் கடிவாளத்தை வண்டியின் வளையத்தில் கட்டினாள். அந்த முடிச்சு மட்டும் இரண்டு தடவை நழுவியது.

துரை ஓட்டை நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டினான். பெரியவள் ஒரு பக்கம், பல் டாக்டர் ஒரு பக்கமாக மண்ணில் முழங்காலிட்டார்கள். பெரியவள் சொல்லித்தந்தாள். எதையும் விடாமல் சொன்னாள். ரொட்டிக்கடைக்காரர் மனைவிக்குச் சொன்னதைவிட மெதுவாக, தெளிவாக.

"இந்தத் திட்டு தெரியுதா? இதுமேல உக்காரணும். மூக்கு தரையைப் பார்க்கணும். இல்ல இல்ல, அது இடதுகாலுக்கு. நீளமான கை எந்தப் பக்கம்னு பாருங்க, அது வெளியே வரணும்."

"ஐயோ, நான் நட்சத்திரத்தைப் பார்க்குற மாதிரிக் கட்டிட்டேனே!"

"பரவாயில்லை. பக்கிள் வெளிப்பக்கம். இழுங்க. இன்னும்."

"இவ்ளோ இறுக்கினா அவருக்கு வலிக்காதா அக்கா?"

பெரியவளின் கை ஒரு கணம் நின்றது. அவனுக்கு வலிக்குமா என்று அவள் எத்தனையோ முறை நினைத்திருக்கிறாள், வாய்திறந்து கேட்டதில்லை. டாக்டர் நேராக அவனையே நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள், "வலிக்குதா?"

"கொஞ்சம்" என்றான் துரை, செல்லமாக.

ஒருநாளும் வலிக்கிறது என்று சொன்னதில்லை அவன். சொல்லலாம் என்றே அவனுக்குத் தோன்றியிருக்காது.

டாக்டருக்குக் கை சுத்தம். பல்லிடுக்கில் ஊசி ஓட்டுகிற கை அல்லவா, இரண்டாவது தடவையே பிசகில்லாமல் கட்டிவிட்டாள். துரை எழுந்து நடந்துகாட்டினான். அவளே கூப்பிட்டு உட்காரவைத்து இன்னொரு துளை இழுத்தாள். "அக்கா, சரியா?" என்றாள். "சரி" என்றாள் பெரியவள். முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டுப் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். வேலை முடிந்தது. போகலாம்.

போகிற வழியில் சீமாட்டியின் வலது விலாவைப் பார்த்துவிட்டாள். மயிர் தேய்ந்து, உள்ளங்கை அகலத்துக்குத் தோல் சிவந்திருந்தது. ரத்தம் இல்லை. இடது பக்கம் ஒரு கீறல்கூடக் கிடையாது.

துரைக்கு வலது கால் கோணல். இது தெருவுக்குக்கூடத் தெரியாது. விரல்பக்கம் கொஞ்சம் வெளியே திரும்பி, குதிகால் உள்ளே சாயும். அந்தக் காலில் முள்ளை எவ்வளவு ஒழுங்காகக் கட்டினாலும் அது குதிரையைச் சும்மா சும்மா தொட்டுக்கொண்டே இருக்கும். பெரியவள் அதை வெகு காலத்துக்கு முன்பே கண்டுபிடித்து, நகம் அளவுக்கு ஒரு தோல் துண்டை வெட்டி, ஓரத்தைத் தேய்த்து மெலிதாக்கி, வலது முள்ளின் உள்பக்கக் கைக்கு அடியில் வைத்துக் கட்டுவாள். முள் ஒரு இம்மி வெளியே திரும்பிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. போட்டி முடிந்ததும் எடுத்துப் பையில் போட்டுக்கொள்வாள்.

அவள் நின்றாள். சொல்லாமல் போனால் யாருக்கும் தெரியப்போவதில்லை. எல்லாவற்றையும் கொடுத்தாயிற்று, இந்த ஒன்று தன்னிடம் இருந்துவிட்டுப் போகட்டுமே என்று இருந்தது. டாக்டர் எவ்வளவு நன்றாகக் கட்டினாலும் வலது பக்கம் ஏதோ உதைக்கும். நாளாவட்டத்தில் அவன் எரிந்து விழுவான். அப்போது அவனுக்குத் தன் ஞாபகம் வரும். வரட்டும் என்றே இருந்தது.

சீமாட்டி திரும்பி அவள் பையை மூக்கால் இடித்தாள்.

பெரியவள் திரும்பி நடந்து, தண்ணீர் வாளியைக் கழுவிக்கொண்டிருந்த டாக்டரைத் தனியாக வண்டிக்குப் பின்னால் கூட்டிப்போனாள். பையின் உள்ளறையிலிருந்து தோல் துண்டை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தாள்.

"வலது காலுக்கு மட்டும். உள்பக்கக் கைக்கு அடியில வெச்சுக் கட்டுங்க. மெலிசான பக்கம் முன்னால."

"எதுக்கு அக்கா?"

"அவர் வலது கால் கொஞ்சம் கோணல். அதான்."

"அப்படியா? எனக்குத் தெரியவே இல்லையே!"

"அவருக்கே தெரியாது." பெரியவள் பையின் வாயை இழுத்துக் கட்டினாள். "சொல்லிடாதீங்க. நேரா இருக்குன்னுதான் நினைச்சுக்கிட்டிருக்காரு."

டாக்டர் தோல் துண்டைப் பார்த்தாள், பெரியவளைப் பார்த்தாள். கெட்டிக்காரப் பெண். அவள் முகத்திலிருந்து சிரிப்பு மெல்ல இறங்கியது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பெரியவள் அதற்குள், "பஸ் வந்துடும்" என்று நடந்துவிட்டாள்.

வந்த பஸ்களையெல்லாம் விட்டுவிட்டு அவள் கடைசியில் வீட்டுக்கு வந்தபோது பூட்டுக்கடைக்காரரும் அவர் அக்காவும் வந்து, காத்திருந்து, எழுந்து போயிருந்தார்கள். குடித்த தம்ளர்களை அம்மா கழுவிக்கொண்டிருந்தாள். சின்னவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். பகல் முழுக்கத் தயார்செய்து வைத்த வார்த்தைகள் அவள் நாக்கு நுனியில் இருந்தன. பெரியவள் உள்ளே வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தாள்.

"சாப்பிட்டியா இல்லையா?" என்று கத்தினாள் சின்னவள். சண்டை போடுகிற குரலில்தான் கேட்டாள். அவளுக்கு அந்த நேரத்தில் வேறு குரல் கிடைக்கவில்லை.

பெரியவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். பிறகு, "அவருக்குப் பல்லு வலியே இல்லைடி" என்றாள். அதற்கப்புறம் அவள் அழுததைக் கேட்கமாட்டேன் என்று காலையில் சொன்னவள்தான், அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து, விளக்குப் போடுகிறவரை கேட்டாள்.

பூட்டுக்கடைக்காரருக்கு இல்லை என்று பெரியவளே பேசிச் சொன்னாள். மனசு வேறெங்கோ இருந்துட்டு வந்திருக்கு, இப்ப உங்க வீட்டுக்கு வந்தா அது உங்களுக்குச் செய்யற துரோகம் என்றாளாம். அவர் ஒரு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, அவர் ஊரிலேயே தபாலாபீஸில் வேலை பார்க்கிற பெண்ணைக் கட்டிக்கொண்டார். துரைக்கும் டாக்டருக்கும் அந்த வருஷமே கல்யாணம். பெரியவள் போனாள், முன்வரிசையில் உட்கார்ந்தாள், சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தாள். கண் சிவந்திருந்ததா இல்லையா என்பதில் தெரு இரண்டு கட்சி. கல்யாணம் முடிந்து அவர்கள் கடலோர ஊர் ஒன்றுக்குக் குடிபோனார்கள், சீமாட்டியையும் கூட்டிக்கொண்டு. அங்கே துரை போட்டிகளில் மறுபடியும் ஜெயிக்கிறான் என்று கேள்வி. சின்னவள் ஒரு பஸ் டிரைவரைக் கட்டிக்கொண்டு அம்மாவோடு ஊரின் மறுகோடிக்குப் போனாள். அந்தத் தெரு ஜன்னல்களுக்கு இப்போது நல்ல வேலை இருப்பதாகத் தகவல்.

பெரியவள் லாயத்துச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மலைப்பக்கம் ஒரு பெரிய குதிரைப்பண்ணையில் வேலைக்குச் சேர்ந்து போய்விட்டாள். அங்கே அவளுக்கு யாரும் இல்லை, தனியாகத்தான் இருக்கிறாள் என்று அம்மா சொல்கிறாள். ஒரு கால்நடை டாக்டர் அடிக்கடி வந்து டீ குடித்துவிட்டுப் போகிறார் என்று அந்தப் பக்கம் போய்வந்த லாரிக்காரர் சொல்கிறார். தெரு இரண்டையும் நம்புகிறது.